சென்ட்ரிங்கா, கம்பியா? – ஒரு தாடைத் தகட்டின் வரலாறு

நம் சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவில் இருக்கும் என் பழைய ரூம்மேட் போன் செய்தபோது, "எனக்கு எழுத வராதுடா, டிராயிங் வேணும்னா போட்டுத் தரேன்" என்றேன். "உன் தாடையைப் பத்தி எழுது மாப்ள. அதுவும் நம்ம காலேஜ் ஹிஸ்டரிதானே" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் இந்த விஷயத்தில் அவன் மனசு விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு பைக்கை ஓட்டியவன் அவன்தான்.

2008ஆம் ஆண்டு, ஆறாவது செமஸ்டர். ராத்திரி பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பும் வழியில், சாலை ஓரம் கொட்டிக் கிடந்த மணலில் வண்டி வழுக்கியது. அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. பின்னால் இருந்த எனக்கு, மோவாய் நேராகப் போய்க் கல்லில் மோதியது. இருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. கீழ்த்தாடை, மோவாய்க்கு இடப்புறத்தில் இரண்டாகப் பிளந்தது. ஒரு பல்லும் போயிற்று.

வாய்க்கு உள்ளேயே, உதட்டின் உட்பக்கம் கீறி, இரண்டு டைட்டானியத் தகடுகளையும் எட்டு ஸ்க்ரூக்களையும் வைத்து டாக்டர் தாடையைச் சேர்த்தார். டிஸ்சார்ஜ் அன்று என் அப்பா ஒரு கேள்வி கேட்டார். அப்பா கட்டட மேஸ்திரி. "சார், எலும்பு ஒட்டின பிறகு அந்தத் தகட்டை எப்போ எடுப்பீங்க?"

"எடுக்க வேண்டியதில்லை. தொந்தரவு கொடுத்தா மட்டும் எடுப்போம்."

"காங்கிரீட் இறுகின பிறகு சென்ட்ரிங்கைப் பிரிக்காம விடலாமா சார்?"

டாக்டர் சிரித்தார். "இது சென்ட்ரிங் இல்லீங்க. உள்ளே போடற கம்பி மாதிரின்னு வெச்சுக்குங்க."

அப்பாவுக்குத் திருப்தி இல்லை. எனக்கும் அப்போது விடை தெரியவில்லை. பிறகு வேலைக்குப் போய், உலோகங்களோடு புழங்க ஆரம்பித்த பின், கிடைத்த நேரத்தில் இதைப் பற்றிப் படித்து வந்தேன். மருத்துவம் என் துறை அல்ல. ஆனால் இந்தக் கேள்வியில் பாதி நம் துறையைச் சேர்ந்தது என்று போகப் போகத் தெரிந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எடுப்பதற்கென்றே பிறந்த தகடு

முகத்தில் எலும்பு முறிந்தால் பற்களை வைத்துத்தான் சேர்க்க வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, வாயைத் திறக்க விடாமல் வைத்துவிடுவார்கள். தென்னை மரத்திலிருந்து விழுந்த எங்கள் மாமாவுக்கு 1984ல் அப்படித்தான் செய்தார்கள். ஆறு வாரம் கஞ்சியும் மோரும் ஸ்ட்ரா வழியாக. மாமா பத்துக் கிலோ இளைத்துப் போனார். ஆனால் ஒரு சௌகரியம் உண்டு. எலும்பு ஒட்டியதும் கம்பியை வெட்டி எடுத்துவிடலாம். உடம்புக்குள் எதுவும் மிச்சம் இராது.

எலும்பின் மேலேயே தகடு வைத்து ஸ்க்ரூ போடும் முறையை 1886ல் வெளியிட்டவர், ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து டாக்டர் ஹான்ஸ்மன். அவருடைய தகட்டைப் பார்த்தால் என் அப்பாவுக்குப் பிடித்துப் போயிருக்கும். தகட்டின் ஒரு முனையும் ஸ்க்ரூக்களின் தண்டும் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்! சில வாரம் கழித்து, மறுபடி கீறாமல், வெளியிலிருந்தே கழற்றிவிடலாம் என்பது திட்டம். ஆக, எலும்புத் தகடு பிறந்தபோதே 'சென்ட்ரிங்'காகத்தான் பிறந்தது.

பிறகு லண்டனில் ஆர்பத்னாட் லேன் என்ற சர்ஜன் ஸ்டீல் தகடுகளை முழுவதுமாக உள்ளே வைத்து மூடினார். கை கூடப் படாமல் கருவிகளாலேயே எல்லாவற்றையும் செய்யும் அளவுக்குச் சுத்தம் பார்த்தவர். கிருமியை அவரால் தடுக்க முடிந்தது. துருவைத் தடுக்க முடியவில்லை. நம் உடம்பின் திரவம் உப்புத் தண்ணீர் அல்லவா? கடற்கரை ஊர்களில் ஜன்னல் கம்பிக்கு என்ன ஆகுமோ அதுதான் தகட்டுக்கும் ஆனது. 1912ல் அமெரிக்காவில் ஷெர்மன் என்பவர் வனேடியம் கலந்த உறுதியான எஃகில் தகடு செய்தார். இவர் கார்னகி எஃகுக் கம்பெனியின் டாக்டர் என்பது நம் ஆட்களுக்குச் சுவையான செய்தி. அவருடைய தகடு எளிதில் முறியவில்லை. ஆனால் அரிப்பு நிற்கவில்லை.

1930களில் டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோ நகரில் வெனபில், ஸ்டக் என்ற இரு டாக்டர்கள் காரணத்தை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார்கள். உடம்புக்குள் வைத்த உலோகம் பாட்டரி போல வேலை செய்கிறது, மின்வேதியியல் முறையில் கரைகிறது, கரைந்தது சுற்றியுள்ள எலும்பைக் கெடுக்கிறது என்று 1937ல் எழுதினார்கள். முதலாண்டு கெமிஸ்ட்ரி லேபில் நாம் வேண்டாவெறுப்பாகச் செய்த கால்வானிக் செல்லேதான்! கோபால்ட்டும் குரோமியமும் கலந்த வைட்டாலியம் என்ற பல் வைத்திய உலோகம் ஏறக்குறைய கரையாமல் இருப்பதையும் அவர்கள் காட்டினார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் மாலிப்டினம் சேர்த்து மேம்பட்டு வந்தது. இருந்தாலும் ஸ்க்ரூவின் தலை தகட்டில் உட்காரும் இடுக்கில், உராய்வும் அரிப்பும் ஸ்டீலை விடவில்லை.

1958ல் சுவிட்சர்லாந்தில் எலும்பு டாக்டர்கள் சிலர் ஏ.ஓ. என்ற குழுவைத் தொடங்கினார்கள். கை கால் எலும்புகளைக் கனமான ஸ்டீல் தகடுகளால் இறுக்கிச் சேர்க்கும் முறை அவர்களால் உலகமெல்லாம் பரவியது. எலும்பு சேர்ந்ததும் தகட்டை எடுத்துவிடுவது அவர்கள் வழக்கமாக இருந்தது. காரணம் நமக்கு எளிதில் புரியும். ஸ்டீலின் மீள்மைக் குணகம் சுமார் 200 ஜிகா பாஸ்கல். கெட்டியான எலும்புக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் சுமையைத் தகடே வாங்கிக்கொள்ளும். வேலையில்லாத எலும்பு மெலிந்துபோகும் என்று பயந்தார்கள்.

முகத்துக்குத் தகடு வந்தபோது இந்தப் பழக்கமும் கூடவே வந்தது. அதாவது 'எடுத்துவிட வேண்டும்' என்ற விதி தொடை எலும்பின் கனத்த ஸ்டீல் தகட்டுக்காகப் பிறந்த விதி. தாடைக்காகப் பிறந்தது அல்ல.

சன்ஷேட் பாடம்

முகத்துக்கு ஏற்ற தகடு பிரான்சில் உருவானது. 1973ல் மிஷலே என்பவர் சின்னத் தகடுகளை வாய் வழியாகவே வைத்துக் காட்டினார். அதற்குக் கணக்குப் போட்டு ஒழுங்கு கொடுத்தவர்கள் ஸ்ட்ராஸ்பூர் நகரத்து ஷாம்பியும் அவர் குழுவினரும். தாடையில் எந்தப் பக்கம் இழுவிசை, எந்தப் பக்கம் அமுக்குவிசை என்று கணக்கிட்டு, ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி அளந்தார்கள். 1978ல் வந்த அவர்களுடைய கட்டுரை இந்தத் துறையில் ஒரு மைல்கல்.

இதை அப்பாவுக்கு நான் விளக்கிய விதம் இது. ஜன்னலுக்கு மேலே சன்ஷேட் போடும்போது கம்பியை எங்கே வைப்பீர்கள்? மேல் பக்கம். கீழே வைத்தால் சென்ட்ரிங்கைப் பிரித்த அன்றே சன்ஷேட் விழும். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதால் இழுவிசை மேலேதான். தாடையும் அப்படித்தான். பின்னால் தசைகள் பிடித்துத் தூக்க, முன்னால் கடிக்கும்போது மேல் விளிம்பு விரியப் பார்க்கும், கீழ் விளிம்பு அழுந்தும். ஆகவே பின்பக்க முறிவுக்கு, மேல் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு மெல்லிய தகடு போதும். மோவாய்ப் பக்கம் முறுக்கு விசையும் சேர்வதால் இரண்டு தகடு வேண்டும். எனக்கு இரண்டு போட்டதன் ரகசியம் இதுதான்.

கடைவாயில் ஆரோக்கியமான மனிதன் கடிக்கும் விசை 600 நியூட்டனையும் தாண்டும். அப்படி வேலை செய்யும் தாடையை, சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகடும் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்க்ரூக்களும் பிடித்துக்கொள்கின்றன என்றால், சரியான இடத்தில் வைத்ததுதான் காரணம், கனம் அல்ல. தகடு மெல்லியது என்பதால் எலும்பின் வேலையை முழுவதும் பறித்துக்கொள்ளும் என்ற பயமும் குறைந்தது.

"அப்போ டாக்டர் சொன்னது சரி. அது கம்பிதான்" என்றார் அப்பா.

"இல்லப்பா. காங்கிரீட்டுக்கு இழுவிசை தாங்கும் பலம் என்னைக்கும் வராது. அதனால கம்பிக்கு ஆயுசு பூராவும் வேலை உண்டு. எலும்பு அப்படியில்லை. கூடிய பிறகு அதுவே தாங்கிக்கும். சில மாசத்தில் தகட்டுக்கு வேலை முடிஞ்சுடுது."

"அப்போ நான் சொன்னதுதானே சரி?"

இந்த இடத்தில்தான் டைட்டானியம் வருகிறது.

கழற்ற வராத உலோகம்

1950களில் ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற ஆராய்ச்சியாளர், எலும்புக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்க்க முயல்களின் காலில் டைட்டானியத்தில் செய்த சிறு குழல்களைப் பொருத்தினார். சோதனை முடிந்து அவற்றைத் திரும்ப எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றிப் போயிருந்தது. வேறொருவராக இருந்தால் 'சே, வீணாப் போச்சே' என்று விட்டிருப்பார். அவர் அதையே பிடித்துக்கொண்டு, 1965ல் முதல் மனிதருக்கு டைட்டானிய வேரின் மேல் செயற்கைப் பல்லைப் பொருத்தினார். இன்றைய பல் இம்பிளான்ட்டின் தொடக்கம் அது.

டைட்டானியத்தின் வெற்றிக்குக் காரணம் அதன் மேல் தானாகப் படியும் சில நானோமீட்டர் கனமுள்ள ஆக்சைடு தோல். கீறினாலும் உடனே மறுபடி படியும். மீள்மைக் குணகமும் ஸ்டீலில் ஏறக்குறையப் பாதிதான். காந்தத்தால் ஈர்க்கப்படாததால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் பெரும்பாலும் தடையில்லை. நாம் இண்டஸ்ட்ரியல் விசிட் போன மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட்டைப் பிரிக்கும் ஆலை நினைவிருக்கிறதா? அந்தக் கறுப்பு மணல் டைட்டானியத் தாதுதான். அதில் பெரும்பகுதி பெயின்ட்டுக்கான வெள்ளை நிறமியாகப் போகிறது என்று அங்கே சொன்னார்கள். அன்று யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. பஸ்ஸில் அந்தாக்ஷரிதான் முக்கியமாக இருந்தது.

ஆக 1980களுக்குப் பிறகு தாடைத் தகடுகள் டைட்டானியத்துக்கு மாறின. துரு என்ற பழைய காரணம் போயிற்று. அப்படியானால் எடுக்க வேண்டும் என்ற பழைய விதி?

1991ல் அப்பாவின் கேள்வி

1991 நவம்பரில் நெதர்லாந்தில் வோலன்டாம் என்ற ஊரில், ஸ்ட்ராஸ்பூர் ஆய்வுக் குழுவினர் கூடி இதே கேள்வியை விவாதித்தார்கள். அவர்கள் வந்த முடிவின் சாரம் இது: எலும்பு கூடியதும் தகட்டின் வேலை முடிந்தது. அதன் பிறகு அது ஓர் அந்நியப் பொருள். அது கெடுதல் செய்கிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. கெடுதலே செய்யாது என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஆகவே நோயாளிக்கு அதிக ஆபத்து இல்லையென்றால் எடுப்பது நல்லது.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிளஸ் டூ கூடப் படிக்காத என் அப்பா கேட்டதும், ஐரோப்பிய நிபுணர்கள் கூடிக் கேட்டதும் ஒன்றுதான்!

அதே காலத்தில் வந்த ஆய்வுகள் இரண்டு பக்கமும் வாதத்துக்கு இடம் கொடுத்தன. டைட்டானியமும் முழுத் துறவி அல்ல. தகட்டைச் சுற்றியுள்ள சதையில், ஏன், அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களில்கூட அதன் துகள்கள் காணப்பட்டன. ஆனால் அந்தத் துகள்களால் நோய் வந்ததாக நிரூபணம் ஆகவில்லை. இன்னொரு பக்கம், எடுப்பது என்றால் மறுபடி மயக்க மருந்து, மறுபடி கீறல், மோவாய் அருகே உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்புக்கு மறுபடி ஆபத்து. டைட்டானியத்தின் மேல் எலும்பு வளர்ந்து மூடிவிடும். ஸ்க்ரூவின் தலை தேய்ந்து போனால் கழற்றுவது என்ன பாடு என்று ஒர்க்‌ஷாப்பில் அனுபவப்பட்ட நமக்குத் தெரியும்.

இந்தச் சண்டையே வேண்டாம், தானே கரைந்துவிடும் தகடு செய்வோம் என்றும் முயன்றார்கள். நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரில் பாலிலாக்டைடு தகடுகளால் கன்ன எலும்பைச் சேர்த்தார்கள். முதலில் எல்லாம் நன்றாக இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, சிலர் கன்னம் வீங்கித் திரும்பி வந்தார்கள். கரைந்துகொண்டிருந்த துணுக்குகளை உடம்பு எதிர்த்திருக்கிறது. இதை 1993ல் அவர்களே மறைக்காமல் வெளியிட்டார்கள். பிறகு வேகமாகக் கரையும் கலவைகள் வந்து, குழந்தைகளின் மண்டை எலும்பு அறுவையில் நல்ல பயன் தந்தன. குழந்தைகள் விஷயமே வேறு. வளரும் எலும்பு தகட்டை விழுங்கி உள்ளே தள்ளிவிடும். வளர்ச்சிக்கும் தடை வரலாம் என்ற கவலை உண்டு. அதனால் அவர்களுக்கு உலோகத் தகடு வைத்தால் சீக்கிரம் எடுத்துவிடுவதைப் பலர் விரும்புகிறார்கள்.

பெரியவர்களுக்கு? ஐரோப்பாவில் சில இடங்களில் வழக்கமாக எடுப்பது நெடுநாள் தொடர்ந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான டாக்டர்கள், காரணம் இருந்தால் எடு, இல்லையேல் விடு என்ற கட்சி. இன்று உலகில் பரவலாக இருப்பதும் அதுதான். காரணங்கள் என்னென்ன? கிருமித் தொற்று முதலாவது. மெல்லிய ஈறு விலகித் தகடு வெளியே தெரிவது, ஸ்க்ரூ தளர்வது, கையில் தட்டுப்பட்டு வலிப்பது, குளிரில் கூசுவது, பல்செட்டுக்கு இடைஞ்சல். இவற்றில் பெரும்பாலானவை முதல் ஓராண்டுக்குள் தலைகாட்டும். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் அதிகம். புகைப்பவர்களுக்கு இன்னும் அதிகம். பெரும்பான்மையோருக்குத் தகடு வாயே திறப்பதில்லை.

"கவர் குறைஞ்சா கம்பி வெளியே தெரியும். அப்போ கை வெச்சுத்தானே ஆகணும்" என்றார் அப்பா. மேஸ்திரிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பாதி அப்பா, பாதி டாக்டர்

என் தகடுகள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சும்மா இருந்தன. ஒவ்வொரு முறை சங்கக் கூட்டத்துக்கு வரும்போதும் ரூம்மேட் என் மோவாயைத் தொட்டு, "இன்னும் இருக்காடா?" என்பான். "இருக்குடா, டைட்டானியம். உன் பைக்கைவிட விலை" என்பேன். விபத்துக்குப் பிறகு அவன் பைக்கைத் தொடவில்லை என்பது இருவருக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை.

சென்ற ஆண்டுதான் காரணம் வந்தது. விழுந்த பல்லின் இடத்தில் இம்பிளான்ட் வைக்கலாம் என்று போனேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், மேல் தகட்டின் ஸ்க்ரூ ஒன்று இம்பிளான்ட் இறங்க வேண்டிய வழியில் நிற்கிறது என்றார். ஒரு டைட்டானியத்துக்கு வழிவிட இன்னொரு டைட்டானியத்தை எடுக்க வேண்டும்! "கீழ்த் தகட்டையும் சேர்த்து எடுத்துடலாமா?" என்று கேட்டேன். அதன் மேல் எலும்பு மூடியிருக்கிறது, எடுப்பதானால் எலும்பைச் செதுக்க வேண்டும், எடுக்கக் காரணமும் இல்லை என்றார்.

மேல் தகட்டை மட்டும் எடுத்தார்கள். அரைமணி நேரம் என்றது ஒன்றரை மணி ஆயிற்று. ஒரு ஸ்க்ரூவின் தலை தேய்ந்துபோய், சுற்றிலும் குடைந்து எடுக்க வேண்டி வந்தது. கீழ் உதடு மூன்று வாரம் மரத்துக் கிடந்தது. டீ குடித்தால் சட்டையில் வழிந்தது. தொந்தரவே இல்லாத நாளில், விதி என்பதற்காக மட்டும் இதை ஒருவர் பட வேண்டுமா என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வேலை முடிந்துவிட்டது என்பது மட்டும் எடுக்கக் காரணமாகாது. இருப்பதால் வரும் தொல்லை, எடுப்பதால் வரும் தொல்லையைவிட அதிகமானால்தான் எடுக்க வேண்டும். ஸ்டீல் காலத்தில் அந்தக் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. டைட்டானியம் வந்ததும் மறுபக்கம் சாய்ந்தது. விதி மட்டும் பல காலம் பழைய இடத்திலேயே நின்றது. நம் தொழிற்சாலைகளிலும் இப்படி எத்தனை விதிகள், காரணம் செத்த பிறகும் நடமாடுகின்றன!

எடுத்த தகட்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அப்பா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு ஓட்டை, நகம் அளவு கனம். "துளி துரு இல்லையே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கீழே இருக்கிறது கிடந்துட்டுப் போகட்டும்" என்றார். பதினைந்து வருஷத்து வழக்கு அப்படி முடிந்தது. பாதி அப்பா ஜெயித்தார், பாதி டாக்டர் ஜெயித்தார்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தகடு வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், எடுக்கலாமா என்பதை அவரைப் பார்க்கும் டாக்டரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் கட்டுரையை வைத்து அல்ல. என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றுதான். பரோட்டாவுக்குப் போனாலும் ஹெல்மெட் போடுங்கள், பின்னால் உட்காருபவரும் போடுங்கள். மோவாயையும் மூடும் ஹெல்மெட்டாக இருக்கட்டும்.

ரூம்மேட்டுக்கு ஒரு செய்தி. இந்த ஆண்டு கூட்டத்துக்கு அந்த டப்பாவைக் கொண்டு வருகிறேன். தகடு உனக்குத்தான். நீ வைத்திருக்க வேண்டியது இனி அது மட்டும்தான்டா. மற்றதையெல்லாம் கழற்றிப் போட்டுவிடு.